ரெண்டு சுழி பொன்னு

ரெண்டு சுழி ‘ன’வுக்கும் மூணு சுழி ‘ண’வுக்கும் வித்தியாசம் தெரியாமல் அடி வாங்கியவர்கள் நம் வயதில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம், தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். நானும் அந்தக் கூட்டம்தான். எழுத்தில் மட்டுமல்ல, பேச்சிலும் என் நாக்குக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. தமிழ் டீச்சர் என்னை எழுப்பி நிறுத்தி, “நாக்கை மேலே மடி, இன்னும் மேலே” என்பார். வகுப்பு முழுக்கச் சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்த ஒரு சுழி எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது. நீங்களும் இப்போது உங்கள் அப்பா அம்மாவின் அன்றைய வயதைத் தாண்டிவிட்டவர்கள்.

அப்பா கோயமுத்தூரில், கணபதிப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் மோல்டர். இரும்பைக் காய்ச்சி ஊற்றுவதற்கு மண்ணில் அச்சு எடுப்பவர். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஊரெல்லாம் பம்ப்செட் செய்துகொண்டிருந்தது, அந்தப் பம்ப்புகளின் உடம்பெல்லாம் அப்பா மாதிரி ஆட்களின் மண்ணிலிருந்து பிறந்துகொண்டிருந்தன. ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் அமுக்கி விரித்துப் பார்த்தே ஈரம் கூடுதலா குறைவா என்று சொல்லிவிடுவார். அச்சுக்குள் ஒரே ஒரு மணல் உதிர்ந்து கிடந்தால், குனிந்து, பக்கத்து மணல் அசையாமல் அதை மட்டும் வாயால் ஊதி எடுப்பார். வீட்டுக்கு வரும்போது நகக்கண், காது மடல், கண்ணிமை எல்லாம் கரிமண். அம்மா வெந்நீர் வைத்து, சீயக்காயும் தேங்காய் நாரும் எடுத்து வைப்பார்.

வேலையில் கெட்டிக்காரர், வெளி விவரம் பத்தாதவர் என்பது அம்மா வீட்டாரின் தீர்ப்பு. அதற்குச் சாட்சியாக அவர்களிடம் ஒரு சங்கு இருந்தது. நான் பிறப்பதற்கு முன் அப்பா யாரோ ஒருவரிடம் வலம்புரிச் சங்கு என்று நம்பி வாங்கி, உடுமலைப்பேட்டையில் இருந்த அம்மாவின் அண்ணனுக்கு, அதாவது என் மாமாவுக்கு, புதுமனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். அது சாதாரணச் சங்கு, திருகி ஒட்டிய வேலை. மாமா அதை அலமாரியில் கண்ணாடிக்குள் வைத்திருந்தார். விருந்தாளி யார் வந்தாலும், “எங்க மாப்பளை குடுத்த வலம்புரிங்க” என்று காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள். அப்பாவும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் அப்போது சிரிப்பு என்றே நினைத்தேன்.

ஃபவுண்டரியில் அப்பாவோடு வேலை செய்தவர் ஒரு நிலம்பூர்க்கார மலையாளி. அவர் ஊர் ஆற்றில் பெண்கள் மரத்தட்டில் மணலைக் கழுவிப் பொன் எடுப்பார்கள் என்று ஒருநாள் சொல்லியிருக்கிறார். அப்பா கேட்ட கேள்வி வேறு: “ஆறு கடலுக்குத்தானே போகுது? அப்ப எடுக்காம உட்ட பொன்னு எல்லாம் எங்க போயிருக்கும்?” நிலம்பூர்க்காரர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அப்பாவுக்கு அந்தக் கேள்வி போகவில்லை. அந்த ஆறு, சாலியாறு, பேப்பூரில் கடலில் சேருகிறது என்று விசாரித்துக்கொண்டார். ஃபவுண்டரியில் மரத்தில் மாதிரி செதுக்கும் ஆசாரியைப் பிடித்து, தேக்குத் துண்டில் அகலமான மரவை, அந்த மாதிரி மரத்தட்டு ஒன்று, கடைந்து வாங்கிக்கொண்டார். அமாவாசையை ஒட்டிக் கடல் நன்றாக உள்வாங்கும் என்பதால், அதற்குப் பக்கத்தில் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் விடிகாலைப் பாசஞ்சரில் கிளம்பிவிடுவார்.

வீட்டில் சொன்னது வேறு. பாலக்காட்டில் தெரிந்தவர் ஒருவர் புதிதாக ஃபவுண்டரி போடுகிறார், மண் கலக்கச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன் என்று. அம்மா நம்பினார். ஆனால் துவைக்கும்போது, “ஏனுங், சட்டையெல்லாம் உப்புப் பூத்திருக்குது” என்பார். “வேர்வை” என்பார் அப்பா. வேர்வை உப்பை வாரம் ஆறு நாள் துவைக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாதா என்று இன்று தோன்றுகிறது.

அந்த வருடம் தீபாவளி விடுமுறையில் அம்மாதான் என்னை அவரோடு அனுப்பினார். “புள்ளையும் பாலக்காட்டுக் கோட்டையைப் பாக்கட்டும்” என்றார். அப்பாவால் மறுக்க முடியவில்லை. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பாலக்காடு வந்தது. பிளாட்பாரத்தில் பழம்பொரி வாசனை. அப்பா எழவில்லை.

“அப்பா, பாலக்காடு வந்துருச்சு.”

“தெரியுது கண்ணு. உக்காரு.”

வண்டி நகர்ந்து ஊர் மறைந்த பிறகுதான் பேசினார். “நாம கடலுக்குப் போறோம். ஊட்டுல சொல்லக் கூடாது.”

“ஏம்ப்பா?”

“சொன்னாச் சிரிப்பாங்க.”

அவ்வளவுதான் காரணம். அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று நான் சத்தியம் செய்யவும் தயார்.

அன்றுதான் முதல்முறை கடலைப் பார்த்தேன். எனக்கு முதலில் பயமாக இருந்தது, பிறகு பசித்தது. மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் இறங்க இறங்க, அலை நின்ற இடத்தில் மணலில் கறுப்பாக ஒரு வரி தெரிந்தது. மைக்கறுப்பு. அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஃபவுண்டரிக் கரண்டியால் அந்தக் கறுப்பை மட்டும் மேலாக வழித்து மரவையில் போட்டார். பாறை இடுக்கில் தேங்கிய தண்ணீரில் அதை முக்கால் முக்கி, ஆட்டி, சாய்த்து, ஆட்டி. வெள்ளை மணல் முதலில் போகும். செம்மணல் அப்புறம் போகும். கறுப்பு போகாது, கனமானது. பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய காந்தத்தைத் துணியில் சுற்றி மேலே காட்டினால், கறுப்பில் பாதி எழுந்து ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தை வெயிலில் காயவைத்து, குனிந்து, அந்த ஊதலை ஊதுவார். மீன்காரர் ஒருவர் வந்து பார்த்தார். “எந்தா தெரயுன்னது?” என்று, என்ன தேடுகிறோம் எனக் கேட்டார். “சிப்பிங்க” என்றார் அப்பா. அங்கேயும் பொய்தான்.

சாயங்காலம் வரைக்கும் கழுவியும் ஒன்றும் இல்லை. கிளம்பும் நேரத்தில் அப்பா என்னைக் கூப்பிட்டார். மரவையின் ஓரத்தில் கறுப்பு ஒரு வால்போல் நீண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு மஞ்சள். கடுகில் பத்தில் ஒரு பங்கு இருக்குமா, தெரியவில்லை.

“காக்காப்பொன்னாப்பா?” என்றேன். அபிரகத் துண்டுகளைப் பள்ளிக்கூட மைதானத்தில் நாங்கள் பொறுக்கி வைத்திருப்போம், அந்தப் பழக்கத்தில்.

அப்பா தன் உள்ளங்கையால் அதன்மேல் நிழல் காட்டினார். “காக்காப்பொன்னு வெயில்லதான் மினுங்கும். நெழல்ல செத்துப்போகும். இதப் பாரு.”

நிழலிலும் அது மஞ்சளாகவே இருந்தது.

“தங்கமா?”

“தங்கம்ங்கறது கடையில இருக்கறது கண்ணு. இது பொன்னு.”

நனைத்த தீக்குச்சி முனையில் அதை எடுத்து, தண்ணீர் நிரப்பிய சின்ன ஹோமியோபதி மருந்துக் குப்பிக்குள் விட்டார். ஏற்கெனவே உள்ளே இரண்டு மூன்று கிடந்தன. விற்க மாட்டார், விற்கும் அளவும் கிடையாது. திரும்பும் ரயிலில் அதைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஆறு நாளு நான் மண்ணுக்குள்ள ஊத்தறேன். ஒரு நாளாச்சும் மண்ணு எனக்கு எடுத்துக் குடுக்குது.” அவர் முகம் அப்படி இருந்து நான் வீட்டில் பார்த்ததே இல்லை. அடுத்த அமாவாசைக்கும் கூடப் போனேன், அதற்கடுத்ததற்கும்.

பொங்கலுக்கு உடுமலைப்பேட்டைக்குப் போயிருந்தோம். மாமாவின் மனைவி, என் அத்தை, கொட்டகையில் உட்காரவைத்து எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது.

“ஞாயித்துக்கெழமையானா உங்கப்பா எங்க கண்ணு போறாங்க?”

“பாலக்காட்டுக்குங்த்தை.”

“ஒரு சங்கைப் பாத்து வாங்கத் தெரியல. இவுரு போயி மலையாளத்துக்காரனுக்கு ஃபவுண்டரி போட்டுக் குடுக்கறாராக்கும்” என்று அத்தை சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சங்குக் கதை அதற்குள் எனக்கும் பிடிக்காமல் போயிருந்தது. “எங்கப்பா ஒண்ணும் அதுக்குப் போகலை. பொன்னு பாக்கப் போறாங்க” என்றேன்.

என் நாக்கில் அது எப்படி வந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

சீப்பு நின்றது. “ஆருக்கு?”

“அப்பாவுக்குத்தான்.”

“எங்க?”

“கடலோரத்துல.”

“நீ பாத்தயா?”

“பாத்தனே. நானும் கூடப் போனனே.”

அத்தையின் குரல் இறங்கிவிட்டது. “எப்பிடி இருக்குது?”

“சின்னதுதானுங்த்தை. ஆனா அழகா இருக்குது. அப்பா பேசவே மாட்டாங்க, பாத்துட்டே உக்காந்திருப்பாங்க.”

“கருமம், கருமம்” என்று அத்தை பின்னலை இறுக்கிய இறுக்கில் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “உங்கம்மாவுக்குத் தெரியுமா?”

“சொல்லக் கூடாதுன்னு அப்பா சொன்னாங்க. நீங்களும் சொல்லீராதீங்க.”

“நான் ஏஞ் சொல்றேன்” என்றார் அத்தை. நானும் நம்பினேன்.

இரண்டு வாரம் கழித்து மாமாவும் அத்தையும் எங்கள் லைன் வீட்டுக்கு வந்தார்கள். மாமா அதற்குள் பாலக்காடு போய் விசாரித்து வந்திருந்தார். அப்படி ஒரு புது ஃபவுண்டரியே அங்கே இல்லை. எங்கள் வீடு முன்னறையும் சமையலறையும்தான். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கைக்காக அண்ணன் வந்து கேட்பது நியாயம்தான், அதில் மாமாவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கேட்ட விதத்தில், ஒரு பழைய சங்கின் திருப்தியும் இருந்தது.

“எங்க போறீங்க மாப்பளை?”

“பாலக்காட்டுக்குங் மச்சான்.”

“பாலக்காட்டுல ஒண்ணுமில்ல. நான் பாத்துப்போட்டுத்தான் வந்திருக்கறேன். புள்ளையே சொல்லிருச்சு.” குழந்தை முன்னால் வேண்டாம் என்றோ என்னவோ, என்ன சொன்னேன் என்பதை அவர் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினார். “பயப்படாத கண்ணு. நீ அத்தைகிட்டச் சொன்னது நெசந்தானே?”

அப்பா என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. ஆனால் எனக்கு ஒன்றுதான் புரிந்தது: ரகசியத்தை வெளியில் விட்டுவிட்டேன், எல்லாரும் இப்போது அப்பாவைப் பார்த்துச் சிரிக்கப் போகிறார்கள். அதைச் சரிக்கட்ட எனக்குத் தெரிந்தது ஒரே வழி.

“நான் ஒண்ணும் சொல்லலீங். நாங்க கடலுக்கே போகலீங். பாலக்காட்டுக்குத்தான் போனோம். கோட்டை பாத்தோம்.”

“கோட்டையில என்ன பாத்தே?”

“சிப்பி” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அம்மாதான் பேசினார், அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான். “அவுரு எங்கிட்டப் பொய் சொல்லியிருந்தாக்கூட இருந்திருப்பேனுங்கண்ணா. என்ற புள்ளையையும் பொய் சொல்ல வெச்சுப்போட்டாரு.” உள்ளே போனார். டிரங்குப் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் அப்பா எழுந்தார். பரணில் கைவிட்டு ஆயுதப் பையிலிருந்து அந்தக் குப்பியை எடுத்து வந்தார். “மச்சான், அங்க யாருமில்லீங். நான் மண்ணு கழுவப் போறனுங். கடல் மண்ணுல பொன்னு இருக்குதுங். இதப் பாருங்.”

மாமா குப்பியை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். “தண்ணி இருக்குது.”

“அடியில பாருங்.”

“சமாளிக்கறதுக்கும் ஒரு அளவு வேணாமுங்களா மாப்பளை? இதுக்கா ஒருத்தன் ரயிலேறி மலையாளத்துக்குப் போவான்?”

மூடியைத் திறந்து உள்ளங்கையில் கவிழ்த்துப் பார்த்தார். “ஊத்தாதீங்” என்று அப்பா சொல்வதற்குள் தண்ணீர் விரலிடுக்கில் வழிந்து தரையில் கொட்டிவிட்டது. மாமா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். வேண்டுமென்றே செய்ததில்லை. அவருக்கு அது தண்ணீர்.

அப்பா மண்டி போட்டார். கன்னம் சிமெண்டில் படும்படி குனிந்து, கையால் நிழல் காட்டி, தரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். நானும் பக்கத்தில் மண்டி போட்டேன். எங்களைத் தாண்டித்தான் அம்மா பெட்டியோடு வாசலுக்குப் போனார். குனிந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால், பொய் சொல்கிற ஒரு மனிதன் அப்படித் தேட மாட்டான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அத்தை என்னைக் கையைப் பிடித்துத் தூக்கினார். அன்று மாலை பஸ்ஸில் நாங்கள் உடுமலைப்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே மாசி, பங்குனி இரண்டும் போயின. என்னை மாமா வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்தார்கள். யாரும் எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அம்மா மட்டும் கேட்ட வேலைக்கும் கேட்காத வேலைக்கும் ஓடிக்கொண்டே இருந்தார், அண்ணன் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதைப்போல. அப்பா ஒரு தடவைதான் வந்தார். மாமா அவரை வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பிவிட்டார். நான் ஜன்னல் வழியாக அவர் முதுகைப் பார்த்தேன்.

ஒருநாள் மத்தியானம் நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மாவும் அத்தையும் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தைதான் ஆரம்பித்தார்.

“ஏங் கண்ணு, உங்கப்பா பாத்த அந்தப் பொண்ணு மலையாளத்துப் பொண்ணா?”

எனக்குப் புரியவில்லை. “எந்தப் பொண்ணுங்த்தை?”

“நீதானே சொன்னே. கடலோரத்துல பொண்ணு பாக்கப் போறாங்கன்னு. அழகா இருக்குதுன்னு.”

நான் கொஞ்ச நேரம் அத்தையின் வாயையே பார்த்தேன். அவர் நாக்கு எங்கே மடிகிறது என்று. பிறகு நோட்டில், அடி வாங்கிக் கற்ற சுழியைப் போட்டு, பெரிதாக எழுதினேன். ‘பொன்’. திருப்பிக் காட்டினேன். “இதுங்த்தை. மூணு சுழி இல்ல, ரெண்டு சுழி. மண்ணுல இருக்குமே. மஞ்சளா, கடுகை விடச் சின்னதா. மாமா ஊத்திப்போட்டாங்களே, அது.”

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகையா சிரிப்பா, எனக்குத் தெரியவில்லை. அம்மா அந்த நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஒரே ஒரு எழுத்தை எவ்வளவு நேரம் படிக்க முடியுமோ அவ்வளவு நேரம் படித்தார். பிறகு முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார்.

“நாளைக்குக் காத்தால எங்களை பஸ் ஏத்தி உடுங்கண்ணா” என்றார், சாயங்காலம் வீட்டுக்கு வந்த மாமாவிடம்.

அத்தை சொல்லி மாமாவுக்கு விஷயம் புரிந்தது. ஆனால் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. “ஒறம்பரை, சொந்தம் எல்லாத்துக்கும் சொல்லியாச்சு அம்மணி. இப்பப் போயி என்னன்னு சொல்றது?” என்றார். “ஒண்ணும் சொல்ல வேண்டாங்” என்றார் அம்மா. மாமாவும் பிறகு யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் உறவில் பாதிப் பேர் இன்றுவரை அப்பாவுக்குப் பேப்பூரில் ஒரு சின்ன வீடு இருந்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாங்கள் திரும்பி வந்தபோது அப்பா வேலைக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டு வாசலில் அவர்கள் ஆடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அது குடித்த பாத்திரம் தேக்கு மரவை. அம்மா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். அப்பா வந்தார், எங்களைப் பார்த்தார், குளிக்கப் போனார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நம் வீடுகளில் அதற்கென்று தனியாக வார்த்தை ஏது? அன்றைக்கு அரிசிம்பருப்புச் சாதமும் அப்பளமும். அம்மா அப்பாவுக்கு நெய்யை ஒரு கரண்டி கூடவே விட்டார்.

சாப்பிடும்போது அம்மா, அப்பாவின் தட்டைப் பார்த்தபடி கேட்டார். “ஏனுங், வார அமாவாசை எப்ப வருது?”

அப்பாவின் கை நின்றது.

“ஞாயித்துக்கெழமைக்குப் பக்கத்துல வந்தா நானும் வாரேனுங். நான் கடலைப் பாத்ததே இல்லை. அந்தப் பொன்னு எப்பிடி இருக்கும்னு எனக்குங் காட்டுங்.”

அம்மா அதைக் கேட்பதற்கு எவ்வளவு தூரம் நடந்து வந்திருப்பார் என்று இன்று எனக்குத் தெரியும். நான் என் கணவரிடம் அந்த மாதிரி ஒரு வார்த்தையைக் கேட்க ஒரு முழு வருடம் ஆகியிருக்கிறது. அப்பா சோற்றைப் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார்.

“அங்க ஒண்ணுமில்ல புள்ள” என்றார். “வெறும் மண்ணுதான்.”

அம்மா நம்பவில்லை. அப்பாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கேள்வி கேட்கவில்லை, பார்த்தார். இருக்கிறது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், மூன்று பேரும் அந்த அமாவாசைக்கே ரயிலேறியிருப்போம். ஆனால் அப்பா தலையைத் தூக்கவே இல்லை. கன்னத்தில் சிமெண்ட் படிந்த அந்த மாலையைத் திரும்பவும் அவர் முகத்தில் பார்த்துவிடுவேனோ என்று பயந்தேன். நான் எப்போதும் அப்பா பக்கம்தான் நின்றேன், எப்போதும் தப்பான நேரத்தில்.

“ஆமாம்மா” என்றேன். “வெறும் மண்ணுதான்.”

அம்மா சரி என்று தலையாட்டினார். எனக்கு இன்னொரு அப்பளம் வைத்தார்.

அதற்குப் பிறகு அவர்கள் இருபது வருடத்துக்கு மேல் சண்டை சச்சரவு இல்லாமல் வாழ்ந்தார்கள். முதலில் அப்பா போனார், பிறகு அம்மா. அம்மாவைப் பழனிக்குக் கூட்டிப்போனோம், மதுரைக்குக் கூட்டிப்போனோம், ஒரு தடவை ஊட்டிக்கும். ராமேஸ்வரம் போகலாமா என்று நான் கேட்டபோதெல்லாம், “அங்கென்ன இருக்குது, வெறும் மண்ணுதானே கண்ணு” என்று சொல்லிவிடுவார். கடைசி வரைக்கும் அம்மா கடலைப் பார்க்கவே இல்லை.